நேதாஜியை இறக்கிவிட்ட பிறகு அந்த சப்மரீன் என்ன ஆனது?

போன இதழில் ஒரு வாசகர், "நேதாஜி ஜெர்மனியிலிருந்து கிழக்கே எப்படிப் போனார்?" என்று கேட்டிருந்தார். "சப்மரீனில்" என்று ஒரே சொல்லில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால் சேலம் மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது என்று வெளியூர்க்காரர் யாரும் நம்ப மாட்டார். சரி, இந்த இதழ் முழுக்க யு-180 என்கிற அந்த ஒரு கப்பலுக்கே விட்டுவிடுவோம். கிரிக்கெட், சினிமா கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளவும்.

நேதாஜிக்காகவே கட்டிய கப்பலா அது? (கல்லூரி மாணவி, அஸ்தம்பட்டி)

இல்லை. ஜெர்மனியின் பிரேமன் நகரில் ஏஜி வேசர் என்ற கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 1942 மே 16 அன்று கடற்படையில் சேர்க்கப்பட்ட போர்க்கப்பல் அது. நீளம் ஏறக்குறைய 88 மீட்டர். தூரக் கடல்களுக்குப் போவதற்கென்றே ஜெர்மானியர் கட்டிய ஒன்பதாம் வகை சப்மரீன்களில் இது ஒரு தனி ரகம். அந்த ரகத்தில் மொத்தமே இரண்டுதான் கட்டினார்கள்: இந்த யு-180, அப்புறம் யு-195.

ஏன் இரண்டோடு நிறுத்திவிட்டார்கள் என்றால், அங்கேதான் இந்தக் கப்பலின் தலையெழுத்தே இருக்கிறது. அந்தக் காலத்து சப்மரீன் பெரும்பாலான நேரம் தண்ணீருக்கு மேலேதான் ஓடும். மேலே ஓடும்போது டீசல் எஞ்சின், முங்கி ஓடும்போது மின்கலம். மின்கலத்தில் ஓடினால் வேகமும் கிடையாது, அதிக தூரமும் போகாது, சார்ஜ் இறங்கியதும் மேலே வந்து டீசலை ஓட்டித்தான் திரும்ப ஏற்ற வேண்டும். அதனால் மேற்பரப்பில் ரொம்ப வேகமாக ஓடுகிற ஒரு சப்மரீன் இருந்தால் எதிரிக் கப்பலைத் துரத்திப் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு, வேக டார்பிடோப் படகுகளில் பொருத்துகிற மெர்சிடிஸ் பென்ஸ் எஞ்சின்கள் ஆறைத் தூக்கி இதற்குள் வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் 20 சிலிண்டர், மொத்தம் 9,000 குதிரைத்திறன், மணிக்கு 20 கடல் மைலுக்கு மேல் வேகம். காகிதத்தில் பார்க்கப் பிரமாதம். கடலில் இறக்கிய பிறகுதான் தெரிந்தது, அவை சூடாகின்றன, அதுவும் வெப்பமண்டலக் கடலில் தாங்கவே மாட்டேன் என்கின்றன, போதாக்குறைக்குக் கரும்புகை வேறு. ஒளிந்து போக வேண்டிய கப்பல் வானத்தில் புகையால் கோடு போட்டுக்கொண்டு போனால் எப்படி இருக்கும்! கரையோரமாகக் கொஞ்ச நேரம் பாய்ந்துவிட்டுத் திரும்புகிற படகுக்கான எஞ்சினை மாதக்கணக்கில் ஓட வேண்டிய கப்பலில் வைத்தது வடிவமைத்தவர்களின் தப்பு, கப்பலில் போனவர்களின் தப்பு இல்லை. இந்த நோயாளி எஞ்சின்களை வைத்துக்கொண்டுதான் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இந்தியப் பெருங்கடல்வரை போய் வந்தார்கள்.

எம்டன் கப்பலும் இதே மாதிரி சப்மரீன்தானே? விடுதலைப் போராளி செண்பகராமன் அதில் வந்ததாகப் படித்தேனே? (ஓய்வு பெற்ற ஊழியர், சூரமங்கலம்)

இல்லை ஐயா. எம்டன் முதல் உலகப்போர்க் காலத்து மேற்பரப்புப் போர்க்கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது, நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் சிக்கி அழிந்தது. செண்பகராமன் அப்போது ஐரோப்பாவில் இருந்தார். எம்டனில் வந்தார் என்பது கேட்க நன்றாக இருக்கும் கதை, அவ்வளவுதான்.

நேதாஜி எப்போது ஏறினார், எப்படிப் போனார், கப்பலில் என்ன செய்தார்? விவரமாகச் சொல்லுங்கள். (ஆசிரியர், ஆத்தூர்)

1943 பிப்ரவரி 9 அன்று கீல் துறைமுகத்தில் கிளம்பினார்கள். முந்தின நாள்தான் நேதாஜி தன் அண்ணன் சரத் சந்திர போசுக்கு, தனக்கு மனைவியும் மகளும் இருக்கிறார்கள் என்று சொல்லி ஒரு கடிதம் எழுதி வைத்தார். மகள் அனிதா பிறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. கூட வந்தவர் ஒரே ஒருவர், ஹைதராபாத்துக்காரர் ஆபித் ஹசன், ஜெர்மனியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இளைஞர். தளபதியின் பெயர் வெர்னர் முசென்பெர்க்.

பாதை எப்படி என்றால், நார்வே பக்கமாக மேலே ஏறி, வட அட்லாண்டிக்குக்குள் நுழைந்து, ஆப்பிரிக்கா முழுவதையும் சுற்றிக்கொண்டு தெற்கே. சூயஸ் பக்கம் தலைகாட்டவே முடியாது, அது பிரிட்டிஷ்காரர்களின் வாசல்.

உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு ஆபித் ஹசன் பின்னாளில் சொன்னதுதான் நமக்குக் கிடைக்கும் நல்ல சாட்சி. டீசல் நாற்றம் கம்பளியில், ரொட்டியில், எல்லாவற்றிலும் ஊறிப்போயிருந்ததாம். அறை என்று சொல்வதற்கு ஒன்றும் கிடையாது, நடைபாதையை ஒட்டிய ஒரு மூலை, படுக்கை, அவ்வளவுதான். நேதாஜியோ கிளம்பியதுமே வேலையைத் தொடங்கிவிட்டார். பேச்சுகளை வாயால் சொல்லச் சொல்ல ஹசன் எழுதுவார். பெண்கள் படையைப் பற்றிய பேச்சைக்கூட அங்கேயே தயார் செய்தார். ஜப்பான் பிரதமர் டோஜோவைச் சந்தித்தால் என்ன கேட்பார், என்ன பதில் சொல்ல வேண்டும் என்று ஒத்திகை வேறு. ஹசன்தான் டோஜோ.

ஒரு நாள் கப்பல் ஒன்றைத் தாக்கப் போகும்போது ஒரு மாலுமி செய்த தவறால் யு-180 திடீரென்று மேலே வந்துவிட, எதிரிக் கப்பல் நேராக மோதுவதற்குப் பாய்ந்து வந்ததாம். எல்லோரும் அலறுகிறார்கள், அவசரமாக முங்குகிறார்கள், ஹசனுக்கு உயிர் போய் உயிர் வருகிறது. நேதாஜி மட்டும், நான் இரண்டு தடவை சொல்லிவிட்டேன், நீ இன்னும் எழுதவில்லையே என்கிற பாணியில் கடிந்துகொண்டாராம். இதை ஹசன் கொஞ்சம் மெருகேற்றியிருக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் காபூல் வழியாகக் கள்ளப் பெயரில் தப்பி ஐரோப்பா போன ஒரு மனிதரைப் பற்றிக் கேட்கும்போது நம்பும்படியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 26 வாக்கில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே, பினாங்கிலிருந்து வந்த ஐ-29 என்ற ஜப்பானிய சப்மரீனைச் சந்தித்தார்கள். சந்தித்த கையோடு ஆளை மாற்ற முடியவில்லை, அலை அப்படி. இரண்டு கப்பலும் பக்கம் பக்கமாகவே ஓடிக்கொண்டிருந்து, கடல் கொஞ்சம் இறங்கிய பிறகு ரப்பர் படகில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நேதாஜியும் ஹசனும் நனைந்தபடி அந்தப் பக்கம் போனார்கள். பதினோரு வாரம் இரும்புக் குழாய்க்குள் இருந்த பிறகு, நடுக்கடலில் ஒரு ரப்பர் படகு! ஐ-29 அவர்களை மே மாதத்தில் சுமத்ராவின் வடமுனைக்கு அருகில் உள்ள சபாங்கில் இறக்கியது, அங்கிருந்து விமானத்தில் டோக்கியோ.

கப்பலில் என்ன சாப்பிட்டார்கள்? சோறு உண்டா? (இல்லத்தரசி, வாழப்பாடி)

உண்டு அம்மா, அதிர்ஷ்டத்தால். ஜெர்மன் மாலுமிச் சாப்பாடு என்பது ரொட்டி, தகர டப்பா இறைச்சி, கொழுப்பு. கிளம்பின புதிதில் காய்கறியும் ரொட்டியும் இருக்கும், வைக்க இடமில்லாமல் குழாய்களில் கட்டித் தொங்கவிடுவார்கள், இரண்டு கழிப்பறை இருந்தால் ஒன்றில் உணவு மூட்டை. சில வாரத்தில் ரொட்டியில் பூஞ்சை பிடித்துவிடும். நேதாஜியால் அதைச் சாப்பிட முடியாமல் போக, ஹசன் கப்பலைத் துருவி ஒரு மூட்டை அரிசியும் கொஞ்சம் பருப்பும் கண்டுபிடித்துக் கிச்சடி செய்து போட்டிருக்கிறார். நேதாஜி அதை ஜெர்மன் அதிகாரிகளுக்கும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பரிமாற, இப்படியே போனால் அரிசி தீர்ந்துவிடுமே என்று ஹசனுக்குக் கவலை. ஐ-29-க்கு மாறிய பிறகு பினாங்கில் வாங்கிய மசாலாவில் கறி செய்து போட்டார்கள், வீட்டுக்கே வந்த மாதிரி இருந்தது என்கிறார் ஹசன்.

ரெண்டு டன் தங்கம் அந்தக் கப்பலோடு மூழ்கிக் கிடக்கிறதாமே? (வெள்ளிப் பட்டறைக்காரர், செவ்வாய்ப்பேட்டை)

கொலுசு செய்கிறவர் தங்கத்தைப் பற்றிக் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. தங்கம் இருந்தது உண்மை. நேதாஜியை வாங்கிக்கொண்ட ஐ-29, பதிலுக்கு யு-180-இல் ஏற்றியதில் சுமார் 2 டன் தங்கமும் அடக்கம். பெர்லினில் இருந்த ஜப்பானியத் தூதரகத்துக்கு, ஜெர்மன் ஆயுதத் தொழில்நுட்பத்தை விலைக்கு வாங்குவதற்கு. கூடவே ஜப்பானிய டார்பிடோ மாதிரிகளும் இரண்டு கடற்படை அதிகாரிகளும் ஏறினார்கள். யு-180-இலிருந்து ஐ-29-க்குப் போனவை தூதரக அஞ்சலும் தொழில்நுட்ப வரைபடங்களும்.

ஆனால் தங்கம் 1943 ஜூலையிலேயே பிரான்சின் போர்தோ துறைமுகத்தில் இறங்கிவிட்டது. கப்பல் மூழ்கியது அதற்கு ஓர் ஆண்டு கழித்து. வீடியோக்களில் நீங்கள் பார்த்திருப்பது ஐ-52 என்கிற வேறொரு ஜப்பானிய சப்மரீனின் கதையாக இருக்கும். அதுவும் 2 டன் தங்கத்தோடு ஐரோப்பா போகும் வழியில் 1944 ஜூனில் அட்லாண்டிக்கில் அமெரிக்க விமானத்தால் மூழ்கடிக்கப்பட்டது. 1995-இல் அதன் உடலைக் கண்டுபிடித்தார்கள், 5 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில்.

தங்கத்தை விட எனக்கு அந்த இரண்டு அதிகாரிகளில் ஒருவரின் கதைதான் மனதில் நிற்கிறது. ஹிதேயோ தோமோனாகா, சப்மரீன் வடிவமைப்பாளர். யு-180-இல் ஜெர்மனி வந்து இரண்டு ஆண்டு கற்றுக்கொண்டு, 1945-இல் யு-234 என்ற கப்பலில் ஊர் திரும்புகிறார். அதில் 560 கிலோ யுரேனியம் ஆக்சைடு வேறு. வழியிலேயே ஜெர்மனி சரணடைந்துவிட, தளபதியும் அமெரிக்காவிடம் சரணடைய முடிவு செய்கிறார். தோமோனாகாவும் உடன் இருந்த இன்னொரு ஜப்பானிய அதிகாரியும் தூக்க மாத்திரைகளை விழுங்கி உயிரை விட்டார்கள். கடலிலேயே அடக்கம்.

பிரிட்டிஷ்காரன்தான் ஜெர்மன் ரகசியக் குறியீட்டை உடைத்துவிட்டானே, இந்தக் கப்பலை ஏன் பிடிக்கவில்லை? (வாசகர், ஓமலூர்)

நல்ல கேள்வி. சப்மரீன்களுக்கான எனிக்மா குறியீட்டை 1942 டிசம்பரில் மறுபடி படிக்கத் தொடங்கியது உண்மைதான். ஆனால் எல்லாச் செய்தியும் உடனுக்குடன் கிடைத்துவிடவில்லை. சில நாட்களில் விடை வருவதற்குள் கப்பல் எங்கேயோ போயிருக்கும், 1943 மார்ச்சில் ஒரு கட்டத்தில் அறவே படிக்க முடியாமலும் போனது. செய்தி கிடைத்தாலும் போய்ப் பிடிக்க விமானமும் கப்பலும் பக்கத்தில் இருக்க வேண்டுமே. மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே உள்ள கடல் ரொம்பப் பரந்தது. இரண்டு சப்மரீனும் அங்கே சந்தித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

திரும்பி வந்த வழிதான் உண்மையில் ஆபத்து. யு-180 கீலை விட்டுக் கிளம்பும்போது அட்லாண்டிக்கில் ஜெர்மன் சப்மரீன்களின் கை ஓங்கியிருந்தது. அது தெற்கே அலைந்துகொண்டிருந்த அந்தச் சில மாதத்தில் நிலைமை தலைகீழ். 1943 மே மாதத்தில் மட்டும் ஜெர்மனி 41 சப்மரீன்களை இழந்தது. பிஸ்கே விரிகுடா முழுக்க ரேடார் வைத்த விமானங்கள். அந்தக் கண்ணியை எல்லாம் கடந்து, புகை கக்கும் எஞ்சின்களோடு போர்தோ வந்து சேர்ந்தது பெரிய விஷயம். இதில் ஒரு பொருத்தம் பாருங்கள், 1943 ஜூலை முதல் வாரத்தில்தான் கப்பல் போர்தோவுக்குள் நுழைந்தது, அதே வாரம் 4-ஆம் தேதி நேதாஜி சிங்கப்பூரில் ராஷ் பிஹாரி போசிடமிருந்து இந்திய சுதந்திர லீக்கின் தலைமையை ஏற்றார்.

அந்தக் கப்பல் எத்தனை கப்பலை மூழ்கடித்தது? (பள்ளி மாணவன், மேட்டூர்)

இரண்டு, தம்பி. 1943 ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு அப்பால் கோர்பிஸ் என்ற பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பல். அப்போது நேதாஜி உள்ளேதான் இருந்தார். ஜூன் 3 அன்று, திரும்பும் வழியில், அட்லாண்டிக்கில் போரிஸ் என்ற கிரேக்கச் சரக்குக் கப்பல். கோர்பிஸ் 8,132 டன், போரிஸ் 5,166 டன், கூட்டினால் 13,298. பெரிய சப்மரீன் ஒன்று ஐந்து மாதம் கடலில் இருந்ததற்கு இது ரொம்பக் குறைவு.

ஹிட்லரின் கப்பலை நாம் இப்படிக் கொண்டாடலாமா? (வாசகி, ஓமலூர்)

கொண்டாட வேண்டியதில்லை என்பதுதான் என் கட்சி. கோர்பிஸ் எண்ணெய்க் கப்பல். எண்ணெய்க் கப்பல் டார்பிடோ வாங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை, அதிலிருந்த மாலுமிகளில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அந்த நாளில் நம் நாட்டு மாலுமிகள் ஆயிரக்கணக்கில் கூலிக்கு வேலை பார்த்தார்கள், எஞ்சின் அறையில் கரி தள்ளுகிற வேலை, அடிபட்டால் முதலில் மூழ்குகிற இடம். ஜெர்மன் சப்மரீன்கள் மொத்தமாகக் கொன்றவர்களில் அவர்களும் நிறைய.

அதே நேரத்தில் அந்தக் கப்பல் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதரால் மலாயாவில் என்ன நடந்தது என்பதையும் தள்ளிவிட முடியாது. ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழர்கள், அதில் நம் சேலம் மாவட்டத்திலிருந்து கங்காணி கூட்டிப்போனவர்களும் உண்டு, இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத்து வீட்டுப் பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி பிடித்தார்கள், தலைமை தாங்கியது சென்னைக்காரரான டாக்டர் லட்சுமி. நேதாஜி ஹிட்லரை நம்பிப் போகவில்லை, எதிரிக்கு எதிரி என்று போனார், அங்கே எதிர்பார்த்த உதவி கிடைக்கவில்லை என்றதும்தான் கிழக்கே வந்தார். இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் படமாக வரைந்து பகிர்கிற வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை.

ஏற்காடு பஸ்ஸில் ஏறும்போது பாதி வழியிலேயே எனக்குக் காது அடைத்துவிடும். சப்மரீன் முங்கும்போது எப்படித் தாங்குவார்கள்? (காபித் தோட்ட ஊழியர், ஏற்காடு)

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தர வேண்டும். ஆனால் நீங்கள் இருப்பதே காபித் தோட்டத்தில்.

முங்கும்போது காது அடைக்காது. வெளியே தண்ணீரின் அழுத்தம் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு காற்றழுத்த அளவு கூடிக்கொண்டே போகும். 100 மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பில் இருப்பதைப் போலப் பதினோரு மடங்கு. ஆனால் அதை முழுக்கத் தாங்குவது சுமார் 2 சென்டிமீட்டர் தடிமன் உள்ள எஃகு உருளை. உள்ளே இருக்கிறவர்களுக்குக் கிட்டத்தட்ட நாம் சேலத்தில் சுவாசிக்கிற காற்றழுத்தம்தான். எஃகு முனகும், அந்தச் சத்தம் வயிற்றைக் கலக்கும், காதுக்கு ஒன்றும் ஆகாது.

காது வலித்தது வேறொரு கருவியால். 1944-இல் சப்மரீன்களில் ஸ்நார்க்கெல் என்ற நீண்ட குழாயைப் பொருத்தினார்கள். கப்பல் தண்ணீருக்குள் இருக்க, குழாயின் தலை மட்டும் மேலே. அதன் வழியாகக் காற்றை இழுத்து, முங்கியபடியே டீசல் எஞ்சினை ஓட்டலாம், விமானத்தின் கண்ணிலிருந்து தப்பலாம். ஆனால் ஓர் அலை வந்து குழாயின் தலையை மூடினால், தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க ஒரு வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். எஞ்சின் அதற்காக நிற்குமா? கப்பலுக்குள் இருக்கிற காற்றையே உறிஞ்சத் தொடங்கும். சில நொடிகளில் அழுத்தம் விழும். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு ஏறி சுமார் 1,200 மீட்டர் உயரும்போது அழுத்தம் எட்டில் ஒரு பங்கு போலக் குறைகிறது, அதுவும் ஒரு மணி நேரத்தில் பையப் பைய. அங்கே கண்மூடித் திறப்பதற்குள். காதைப் பிடித்துக்கொண்டு சுருண்டவர்கள் உண்டு. எஞ்சின் புகை வெளியே போக வழியில்லாமல் உள்ளே வந்துவிட்டால் இன்னும் மோசம், கார்பன் மோனாக்சைடு.

இந்த ஸ்நார்க்கெலுக்கு யு-180-இன் முடிவிலும் ஒரு பங்கு இருந்திருக்கலாம். அடுத்த கேள்வி அதுதான்.

கடைசியில் அந்தக் கப்பல் என்ன ஆனது? (பலர் கேட்டது)

போர்தோ வந்ததும் அந்த ஆறு எஞ்சின்களையும் கழற்றிப் போட்டார்கள். 1943 செப்டம்பரில் படையிலிருந்தே நீக்கி, டார்பிடோக் குழாய்களை எடுத்துவிட்டு, 252 டன் சரக்கு ஏற்றுகிற கப்பலாக மாற்றினார்கள். சண்டைக்காரனைச் சுமை தூக்குகிறவன் ஆக்கிவிட்டார்கள். புதிதாக வைத்தது வழக்கமான டீசல், 2,800 குதிரைத்திறன், முன்பு இருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் ஒழுங்காக ஓடும். 1944 ஏப்ரலில் மறுபடி சேவைக்கு வந்தது.

அதற்குள் உலகம் மாறிவிட்டது. ஜூனில் நேச நாடுகள் நார்மண்டியில் இறங்கின, ஆகஸ்ட் 15-இல் பிரான்சின் தென்கரையிலும். போர்தோவைக் காலி செய்துகொண்டிருந்த ஜெர்மானியர், ஓடக்கூடிய சப்மரீன்களை எல்லாம் வெளியே அனுப்பினார்கள். யு-180-க்குச் சொன்ன இடம் கிழக்கு ஆசியா. ரோல்ஃப் ரீசன் என்ற இளம் அதிகாரியின் தலைமையில் ஆகஸ்ட் 20 வாக்கில் கிளம்பியது. ஆகஸ்ட் 23 அன்று பிஸ்கே விரிகுடாவில், போர்தோவுக்கு மேற்கே, மூழ்கியதாகக் கணக்கில் இருக்கிறது. பிரிட்டிஷ் விமானங்கள் போட்டு வைத்திருந்த கண்ணிவெடியில் மாட்டியிருக்கலாம், ஸ்நார்க்கெல் கோளாறாகவும் இருக்கலாம். 56 பேர். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. ஜெர்மன் சப்மரீன்களில் போனவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் திரும்பவில்லை என்பது பொதுக் கணக்கு, இதில் நாலுக்கு நாலு.

ஐ-29-உம் தப்பவில்லை. அதற்கு ஒரு மாதம் முன்னால், 1944 ஜூலை 26 அன்று, பிலிப்பைன்ஸுக்கு வடக்கே அமெரிக்க சப்மரீன் சாஃபிஷ் அதை மூழ்கடித்தது. ஆக, நேதாஜியைச் சுமந்த இரண்டு கப்பலுமே அவருக்கு முன்னால் போய்விட்டன. பிழைத்தது அந்தக் கூடப்பிறந்த யு-195 மட்டும். அதுவும் அதே நாட்களில் போர்தோவை விட்டுக் கிளம்பி, டிசம்பர் இறுதியில் ஜாவா போய்ச் சேர்ந்து, ஜெர்மனி சரணடைந்ததும் ஜப்பான் கைக்கு மாறி, போர் முடிவில் சுரபாயாவில் பிடிபட்டது. ஒரே தளம், ஒரே எஞ்சின் தொல்லை, ஒரே வாரத்துப் புறப்பாடு. ஒன்று கரை சேர்ந்தது, ஒன்று மூன்று நாள்கூடத் தாண்டவில்லை.

என் தாத்தா பினாங்கில் ஜெர்மன் வெள்ளைக்காரர்களை சப்மரீனோடு பார்த்ததாகச் சொல்வார். நாங்கள் சிரிப்போம். உண்மையா? (வாசகர், அயோத்தியாப்பட்டணம்)

சிரிக்காதீர்கள், தாத்தா சொன்னது சரி. 1943 ஜூலை முதல் ஜெர்மன் சப்மரீன்கள் பினாங்குக்கு வரத் தொடங்கின. முதலில் வந்தது யு-511, அது ஜப்பானுக்குக் கொடுத்த அன்பளிப்பு. அடுத்த மாதம் யு-178, அதன் தளபதி டோமெஸ் அங்கேயே இறங்கித் தளத்தை நிர்வகித்தார். அப்புறம் பருவக்காற்றுக் குழு என்று பெயர் வைத்து ஒரு கூட்டத்தையே இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினார்கள், வழியிலேயே பாதிக்கு மேல் அழிந்தன, மிஞ்சியவை பினாங்கு சேர்ந்தன. அதில் யு-168 பம்பாய்க்கு அருகே ஒரு கப்பலை மூழ்கடித்தது. யு-183 மாலத்தீவின் அட்டு பவளத்தீவில், வலைத் தடுப்பின் இடைவெளி வழியாக டார்பிடோ விட்டு, உள்ளே நின்ற எண்ணெய்க் கப்பலை அடித்தது.

ஊர் திரும்பும்போது அடித்தளத்தில் தகரக் கட்டிகளை அடுக்கிக்கொள்வார்கள், மேலே ரப்பர், டங்ஸ்டன் தாது, கொய்னா. மலாயாத் தோட்டத்து ரப்பர் என்றால் அதில் நம் ஆட்களின் கை பட்டிருக்கும். யு-532 அப்படி ஒரு சுமையோடு போய்க்கொண்டிருக்கும்போது போர் முடிந்து, சரக்கோடு லிவர்பூலில் சரணடைந்தது. தாத்தாவின் பேச்சில் ஊர், ஆண்டு, ஆள் என்று ஏதாவது ஞாபகம் இருந்தால் எழுதி வையுங்கள்.

இப்படி ஒரு சப்மரீனை உள்ளே போய்ப் பார்க்க முடியுமா? பையன் உயிரை எடுக்கிறான். (தந்தை, செவ்வாய்ப்பேட்டை)

ஜெர்மன் யு-படகுதான் வேண்டும் என்றால் அமெரிக்காவில் சிகாகோ அருங்காட்சியகத்தில் யு-505, ஜெர்மனியில் கீல் பக்கத்து லாபோவில் யு-995. விசா, டிக்கெட் எல்லாம் கணக்குப் போட்டால் பையனே வேண்டாம் என்பான். விசாகப்பட்டினம் கடற்கரையில் நம் கடற்படையின் ஐஎன்எஸ் குர்சுரா நிற்கிறது, 2002-இலிருந்து அருங்காட்சியகம். ரஷ்யத் தயாரிப்பு, 1969-இல் படையில் சேர்ந்தது. நீளம் 91 மீட்டர், யு-180-ஐ விட 3 மீட்டர்தான் அதிகம், அதுவும் டீசல், மின்கலத்தில் ஓடியதுதான். அதனால் அளவும் இடுக்கும் எப்படி இருந்திருக்கும் என்பது நன்றாகவே பிடிபடும். சேலம் ஜங்ஷனிலிருந்து விசாகப்பட்டினத்துக்கு நேரடி ரயிலே உண்டு. உள்ளே வட்டக் கதவுகளில் குனிந்து, காலைத் தூக்கி வைத்துத்தான் போக வேண்டும், முட்டி வலி உள்ள பெரியவர்களை வெளியே கடற்கரையில் உட்கார வைத்துவிட்டுப் போங்கள்.